திரும்பி நடக்கும் நேரம்

பந்து வீசுதல் தோள் வலிமையின் தொழில் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். உயர்ந்த உடலும் நீண்ட கையும் உடைய பையனைக் கண்டால், பெரிய பந்துவீச்சாளனாக வருவான் என்று வாழ்த்திவிடுகிறோம். வாழ்த்துவதிற் குற்றமில்லை. ஆயினும் மாலை வேளைகளில் ஊர் மைதானத்து வேலியோரம் நின்று, பல்லாண்டு காலமாகப் பையன்களின் ஆட்டத்தைப் பார்த்துவரும் எமக்கு வேறொன்று புலப்பட்டிருக்கிறது. பந்தை வீசிய பின்னர் ஒருவன் தன் தொடக்க இடத்தை நோக்கித் திரும்பி நடக்கிறானே, அந்த நடையிலேதான் அவன் நல்ல பந்துவீச்சாளனாகிறான், அல்லது கெட்டுப்போகிறான்.

இதற்கு ஒரு சிறு கணக்குண்டு. இரு விக்கெட்டுகளுக்கும் இடையேயுள்ள தூரம் 22 யார். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் பந்து கையைவிட்டு நீங்கி மட்டையைச் சேர ஏறக்குறைய அரை வினாடியே ஆகும். வேகப்பந்து வீச்சாளன் ஓடிவந்து வீசி முடிக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டால், அது சில வினாடிகளுக்கு மேற் போகாது. எஞ்சிய நேரமெல்லாம் அவன் நடக்கிறான், நடந்துகொண்டே நினைக்கிறான். உடல் உழைக்கும் நேரத்திலும் மனம் உழைக்கும் நேரமே மிகுதி. பயிற்சியின்போதோ, நாம் உடலை மட்டுமே பழக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறோம்.

எனினும் மனத்தைப் பற்றிப் பேசுமுன் கையைப் பற்றிப் பேசுதல் முறை. கை பழகாதவனுக்கு மனவொருமை வாய்த்தும் பயனில்லை.

முதலாவது, பந்தைப் பிடிக்கும் விதம். வேகப்பந்து வீசுவோன் தையலை நேராக நிறுத்தி, சுட்டுவிரலையும் நடுவிரலையும் அதன் இரு மருங்கிலும் வைத்து, பெருவிரலை அடியில் தாங்கக் கொடுத்தல் வேண்டும். பந்து விரல்களில் இருக்க வேண்டுமேயன்றி உள்ளங்கையில் அமிழ்ந்துவிடலாகாது. வலக்கையால் ஓஃப் ஸ்பின் வீசுவோன் சுட்டுவிரலின் மேற்கணுவைத் தையலுக்குக் குறுக்கே பதித்து, கதவுக் குமிழை வலப்புறமாகத் திருகுவது போலத் திருகிவிட வேண்டும். சுழற்சியை அளிப்பது விரல். மணிக்கட்டு அதற்குத் துணை.

இரண்டாவது, ஓடிவரும் தூரம். இதனை ஊகத்திற்கு விடுதல் கூடாது. வீசும் கோட்டருகே நின்று, விக்கெட்டுக்கு முதுகு காட்டி, இயல்பான வேகத்தில் வெளிநோக்கி ஓடி, வசதியாகத் தோன்றுமிடத்தில் வீசிப் பார்க்கட்டும். முன்கால் விழுந்த இடத்தை நண்பனொருவன் குறித்துக்கொள்ளட்டும். பலமுறை செய்தால் பெரும்பாலும் ஒரே இடம் அமையும். அந்தத் தூரமே அவனுக்குரிய தூரம். அடிகளை எண்ணி வைத்துக்கொண்டால் எந்த மைதானத்திலும் அது மாறாது. முன்காலின் ஒரு பகுதியாவது கோட்டுக்கு உட்புறம் இருக்கவேண்டுமென்பது விதி. அளந்து ஓடுபவன் அதனை நினைக்க வேண்டியதில்லை. அளவாதவனோ ஒவ்வொரு பந்துக்கும் காலைக் குனிந்து பார்க்கிறான். காலைப் பார்க்கும் கண் இலக்கைப் பார்ப்பதெங்ஙனம்?

மூன்றாவது, வீசும் கணம். தலை சாயாதிருக்க வேண்டும். கண்ணிரண்டும் மட்டமாக நிற்க வேண்டும். வீசாத கை உயர்ந்து இலக்கை நோக்கி நீண்டு, பின் விலாவை ஒட்டி இறங்க வேண்டும். முன்கால் உறுதியாக ஊன்ற வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, இடுப்பும் தோளும் ஒரே திசையை நோக்கியிருத்தல். இடுப்பு துடுப்பாட்ட வீரனை நோக்க, தோள் மட்டும் பக்கவாட்டில் முறுகினால், அம்முறுக்கு முழுவதையும் தாங்குவது முதுகெலும்பின் அடிப்பகுதியே.

நான்காவது, குறி. துடுப்பாட்ட வீரன் முன்னே செல்வதா பின்னே நிற்பதா என்று தடுமாறுமிடத்தில் ஒரு கைக்குட்டையை விரித்து, முப்பது பந்துகளில் எத்தனை அதன்மீது விழுகின்றன என்று எண்ணிக் கொப்பியொன்றில் எழுதி வரவேண்டும். எமது லசித் மாலிங்க, துடுப்பாட்ட வீரனின் பாதம் இருக்குமிடத்தில் சப்பாத்துகளை வைத்து, அவற்றைக் குறிபார்த்து வீசிப் பழகியவர். 2007ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2019இல் பல்லேகலையில் நியூசிலாந்துக்கு எதிராக அதனையே மறுபடியும் செய்தார். உலகம் கண்டது எட்டுப் பந்துகளை. அவற்றின் பின்னால் நின்ற பழக்கத்தைக் கண்டவர் சிலரே.

இனி மனத்திற்கு வருவோம். துடுப்பாட்ட வீரன் ஒருமுறை தவறினால் ஆட்டமிழந்து வெளியேறுகிறான். பந்துவீச்சாளனுக்கோ அடுத்த பந்து இருக்கிறது. இது அவனுக்குக் கிடைத்த வரம். அதுவே அவனுக்குச் சோதனையுமாகும். அடிபட்ட பந்தின் கோபத்தை அடுத்த பந்திற் காட்ட எண்ணுகிறான். கோபம் தோளில் ஏறுகிறது, தோள் இறுகுகிறது, பந்து குறுகி விழுகிறது, மறுபடியும் அடிபடுகிறது.

1956ஆம் ஆண்டு மன்செஸ்டர் ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்தில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்தல் தகும். இங்கிலாந்தின் ஜிம் லேக்கர் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 90 ஓட்டங்களை மட்டும் கொடுத்து 19 விக்கெட்டுகளை வீழ்த்திய ஆட்டம் அது. அதே ஆடுகளத்தில் மறுமுனையிலிருந்து வீசியவர் டொனி லொக், அவரும் தேர்ந்த சுழற்பந்து வீச்சாளரே. லேக்கர் வீசியவை 68 ஓவர்கள். லொக் வீசியவை 69. லொக்கிற்குக் கிடைத்ததோ ஒரேயொரு விக்கெட். சக வீரருக்கு விக்கெட்டுகள் குவியக் குவிய, தமக்கு வாய்க்கவில்லையே என்ற பதைப்பில் லொக் மேலும் மேலும் வேகமாக வீசினார் என்று அந்த ஆட்டத்தைக் கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். லேக்கரோ அதே நடை, அதே ஓட்டம், அதே இலக்கு என்று இறுதிவரை இருந்தார். ஆடுகளம் இருவருக்கும் ஒன்றாகவே சுழன்றது. மனம் ஒருவருக்கே வசப்பட்டிருந்தது.

அத்துணை தூரம் போவானேன்? எமது மைதானத்திலேயே ஒரு மாணவனைக் கண்டோம். வயது பதினாறிருக்கும். வலைப்பயிற்சியில் அவனுக்கு முன் நிற்க மூத்த மாணவர்களும் தயங்குவர். போட்டியென்று வந்துவிட்டாலோ, முதல் நான்கு ஓட்ட அடியுடன் வேறொருவனாகிவிடுவான். எல்லைக் கோட்டருகே நின்று தந்தையார் கூவுவார்: "வேகமாய்ப் போடு! முழுநீளத்தில் போடு! கையை உயர்த்து!" மூன்று கட்டளைகள், ஒரு பந்து. பையன் தலையைத் திருப்பித் தந்தையைப் பார்ப்பான். பின்பு வீசுவது வைட் ஆகும். ஒரு சனிக்கிழமை இரண்டே ஓவர்களில் தலைவன் அவனை நிறுத்திவிட்டான். இனிமேல் மைதானத்துப் பக்கமே வருவதில்லை என்று பையன் தோழரிடம் கூறியதாக அறிந்தோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியரொருவர் அங்கே பையன்களைப் பழக்குவதுண்டு. மாஸ்டர் என்றே ஊரார் அவரை அழைப்பர். அவர் அவனைத் தேடிச் சென்று அழைத்து வந்தார். அவனுடைய கையைப் பற்றியோ காலைப் பற்றியோ ஒரு சொல்லும் சொன்னாரில்லை.

"தம்பி, அடிபட்ட பந்து இப்போது எங்கே?" என்று கேட்டார்.

"போய்விட்டது மாஸ்டர்."

"அடுத்த பந்து?"

"என் கையில்."

"அப்படியானால் போனதை ஏன் தூக்கிக்கொண்டு நடக்கிறாய்?"

பின்னர் அவர் ஒரு முறையைப் பழக்கினார். திரும்பி நடக்கும் வழியின் முதற்பாதியிற் சென்ற பந்தைப் பற்றி ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: எண்ணியபடி வீசினேனா? ஆமெனில், நான்கு ஓட்டம் போயிருந்தாலும் எதையும் மாற்ற வேண்டாம். அடித்தவனின் திறமையை மெச்சிவிட்டு மேலே நட. இல்லையெனில், எது பிசகியதென்று ஒன்றை மட்டும் குறித்துக்கொள். மறுபாதியில் அடுத்த பந்து எதுவெனத் தீர்மானி. அடையாளமிட்ட இடத்தை அடைந்ததும் திரும்பி, ஒரு மூச்சு ஆழ இழுத்து விட்டு, பந்து விழவேண்டிய இடத்தைப் பார். ஓடத் தொடங்கிய பின் சிந்தனையே கூடாது. கைக்குத் தெரிந்ததைக் கை செய்யும்.

வலைப்பயிற்சியிலும் அவன் அவ்வாறே முழுத்தூரமும் நடந்து திரும்பவேண்டுமென்று மாஸ்டர் கட்டளையிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக அவசரமாய் வீசிய நூறு பந்துகள் முப்பதாகக் குறைந்தன. தந்தையாரையும் தனியே அழைத்து ஏதோ பேசினார். என்ன பேசினாரென்பது எமக்குத் தெரியாது. அடுத்த போட்டியில் அம்மனிதர் மர நிழலில் வாய் மூடி அமர்ந்திருந்தார். அது அவருக்கு எளிதாயிருக்கவில்லை என்பதை முகமே காட்டிற்று. பையன் அன்று பத்து ஓவர்கள் வீசினான். பலமுறை அடிபட்டான். விக்கெட்டுகள் இரண்டு கிடைத்தன. அவன் கல்லூரி தோற்றது. ஆனால் ஒருமுறையேனும் அவன் எல்லைக் கோட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றும் விளையாடிக்கொண்டிருக்கிறான்.

உலகறிந்த எமது முத்தையா முரளிதரனின் வாழ்வும் இதனையே கூறுகிறது. கண்டியிற் பிறந்த அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதும் நிமிராதது. 1995ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, மெல்பேர்ண் மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன்னிலையில், பந்தை எறிகிறாரென்று நடுவர் ஏழு முறை 'நோபோல்' கூறினார். மற்றொருவராயின் அன்றே ஒடிந்திருப்பார். அவர் மறுமுனைக்குச் சென்று தொடர்ந்து வீசினார். பரிசோதனைகள் பலவற்றுக்குத் தம்மை உட்படுத்தினார். 2010ஆம் ஆண்டு ஜூலையிற் காலியில் தமது இறுதி டெஸ்ட் ஆட்டத்துக்கு இறங்கியபோது 800 விக்கெட்டுகளுக்கு இன்னும் எட்டுத் தேவையாயிருந்தன. ஏழு கிடைத்த பின்னர், இந்தியாவின் இறுதி இணை நெடுநேரம் நிலைத்து நின்றது. மறுமுனையில் ஒரு விக்கெட் விழுந்தாலும் வாய்ப்பு என்றைக்குமாகப் போய்விடும். அவர் ஓவர் ஓவராகத் தமது பந்தையே வீசிக்கொண்டிருந்தார். ஈற்றில் ஓஜாவின் மட்டையிற் பட்ட பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தார். 800ஆவது விக்கெட், டெஸ்ட் ஆட்டத்தில் அவர் வீசிய இறுதிப் பந்திலேயே கிடைத்தது.

பெற்றோருக்கும் சில சொற்கள் கூறவேண்டியுள்ளது. வளரும் வயதில் அளவுக்கு மிஞ்சி வேகப்பந்து வீசினால் கீழ் முதுகெலும்பிற் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டாவதுண்டு. பாடசாலை, கழகம், ஊர்க் குழு என மூன்றுக்கும் ஒரே பையன் வாரம் முழுதும் வீசுவானாயின், அவனுடைய பந்துகளைக் கூட்டிப் பார்க்க வேண்டியவர் பெற்றோரே. முதுகு நோகிறதென்று அவன் சொன்னால், எண்ணெய் தடவி மறுநாள் அனுப்பாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2024இல் தம்புள்ளையில் எமது மகளிர் அணி ஆசியக் கிண்ணத்தை வென்ற பின்னர், பந்தைக் கையிலெடுக்கும் சிறுமியர் பலராவர். அவர்களுக்கும் முறையான பயிற்சி உரியதே.

அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்குச் செல்லும் தந்தையரும் தாய்மாரும் மாமன்மாரும் பிள்ளைகள் நன்றாக வீசும்போது கைதட்டட்டும். அடிபட்டால் வருந்தட்டும். ஆனால் பிள்ளை திரும்பி நடக்கும் அந்தச் சில வினாடிகளில் மட்டும் ஒன்றும் சொல்லாதிருப்பார்களாக. அந்த நேரம் பிள்ளைக்கு உரியது.