டபுள்ஸ் ஆடுகிறவள்

2025இல் ஜுவாலா கட்டா தன் தாய்ப்பாலைத் தானமாகக் கொடுத்த செய்தி வந்தபோது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒருநாள் முழுக்க அதுதான் பேச்சு. "விஷ்ணு விஷால் வொய்ஃப்தானே?" என்றார் தமிழ் டீச்சர். "அந்தப் பொண்ணு முன்னாடி ஏதோ ஷட்டில் ஆடுமாமே" என்றார் இன்னொருவர். நான் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. அந்த 'ஏதோ'வை அப்படியே விட மனம் வரவில்லை. மணி அடிப்பதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது.

பதினான்கு முறை தேசிய சாம்பியன். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் அஸ்வினி பொன்னப்பாவோடு சேர்ந்து பெண்கள் டபுள்ஸில் தங்கம். 2011இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். 1983இல் பிரகாஷ் படுகோனே வாங்கியதற்குப் பிறகு அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த அடுத்த பதக்கம் அதுதான். இருபத்தெட்டு வருடம் கழித்து வந்த பதக்கத்தை இரண்டு பெண்கள் கொண்டுவந்தார்கள். அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? சிங்கிள்ஸ் பதக்கமாக இருந்திருந்தால் பொது அறிவுப் புத்தகத்தில் கேள்வியாகவே வந்திருக்கும்.

எனக்கு இந்தக் கோபம் சொந்தக் கோபமும்தான். நானும் டபுள்ஸ் ஆடியவள். பெரிய அளவில் இல்லை, கல்லூரி அணி, பிறகு பல்கலைக்கழக அணி, அவ்வளவுதான். முதல் வருடமே பயிற்சியாளர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இன்னொருவரிடம் சொன்னார்: "இதுக்கு சிங்கிள்ஸுக்கு மூச்சு பத்தாது, டபுள்ஸ்ல போட்டுடு." மீந்த சாதத்தைத் தனியாக எடுத்து வைப்பதுபோல ஒரு தொனி. என்னோடு எடுத்து வைக்கப்பட்ட இன்னொருத்திதான் என் ஜோடி. பெயர் எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம்டி, வீட்டுல ஏதாவது சொல்வாங்க" என்றாள்.

மூச்சு பத்தாதவர்களுக்கான ஆட்டம் என்று பெண்கள் டபுள்ஸைச் சொல்பவர்கள் அதை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆண்கள் டபுள்ஸில் மூன்று நான்கு அடியில் பாயிண்ட் முடிந்துவிடும். பெண்கள் ஆட்டத்தில் ஒரே ஸ்மாஷில் காக் தரையில் விழுவது அரிது. அடிக்க அடிக்க எடுத்துக்கொண்டே இருப்பார்கள். தாக்கும்போது ஒருத்தி நெட்டருகே, ஒருத்தி பின்னால். தடுக்கும்போது இருவரும் பக்கத்துக்கு ஒருத்தி. இந்த மாற்றம் ஒரே பாயிண்டுக்குள் ஐந்தாறு முறை நடக்கும், யாரும் யாரையும் கேட்காமல்.

இதில் கடினமான பாடம் ஒன்று உண்டு. நெட்டருகே நிற்பவள் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் எதிரே இருந்து வரும் காக் முகத்தில் அடிக்கும், அல்லது தாண்டிப் போய்விடும். பின்னால் இருப்பவள் எங்கே இருக்கிறாள், என்ன அடிக்கப்போகிறாள் என்பதைக் காதால் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். என் ஜோடி ஸ்மாஷ் அடிப்பதற்கு முன் வலது காலை ஒருமுறை அழுத்தி ஊன்றுவாள். ட்ராப் போடுவதாக இருந்தால் அந்தச் சத்தம் வராது. இதைக் கற்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. அவளுடைய ஷூ தேய்ந்து வேறு ஷூ மாற்றியபோது ஒரு வாரம் தடுமாறினேன். வீட்டில் என் தம்பி வருவதும் போவதும்கூட எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததில்லை.

ஜுவாலா இடக்கைக்காரர், அஸ்வினி வலக்கைக்காரர். இப்படி ஒரு ஜோடி அமைவது வரம். இடக்கைக்காரர் வலப்பக்கமும் வலக்கைக்காரர் இடப்பக்கமும் நின்றால் இருவரின் பலமான கையும் நடுவில் வந்துவிடும். டபுள்ஸில் எதிரணி குறிவைப்பதே அந்த நடுவைத்தான், இருவரும் 'நீ எடு' என்று விட்டுவிடும் இடம் அது. அதோடு அஸ்வினியின் ஸ்மாஷும் நெட்டருகே ஜுவாலாவின் கையும் சேர்ந்தன. அஸ்வினிக்கு முன்பு ஜுவாலாவோடு தேசியப் பட்டங்கள் வென்றவர் ஸ்ருதி குரியன், சென்னையில் பிறந்தவர். அந்தப் பெயரை நம்மூரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை.

இனி காசு விஷயம். பெரிய சர்வதேசப் போட்டிகளில் டபுள்ஸ் வெல்லும் ஜோடிக்குக் கிடைப்பது சிங்கிள்ஸ் வென்றவருக்குக் கிடைப்பதைவிடச் சற்றே கூடுதலான தொகை, அதுவும் இரண்டு பேருக்கும் சேர்த்து. ஆளுக்குப் பாதி என்று பிரித்தால் சிங்கிள்ஸ் ஆடுகிறவரின் வருமானத்தில் பாதியைச் சற்றுத் தாண்டும். விமான டிக்கெட்டில் பாதிக் கட்டணம் கிடையாது. முழங்கால் அறுவைசிகிச்சைக்கும் கிடையாது. தரவரிசையும் ஜோடிக்குத்தான் தருகிறார்கள். ஜோடி உடைந்தால் இன்னொருத்தியோடு கீழிருந்து ஏற வேண்டும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் இரண்டு பிரிவுகளில் ஆடத் தகுதிபெற்ற முதல் இந்திய பேட்மின்டன் ஆட்டக்காரர் ஜுவாலா. அஸ்வினியோடு பெண்கள் டபுள்ஸ், திஜுவோடு கலப்பு டபுள்ஸ். பெண்கள் டபுள்ஸ் குழுவில் ஜப்பானிடம் தோற்றார்கள், தைவானையும் சிங்கப்பூரையும் வென்றார்கள். ஆனால் தைவான் ஜோடி ஜப்பானை வீழ்த்தியதால் மூன்று ஜோடிகளும் தலா இரண்டு வெற்றியில் நின்றன. புள்ளிக் கணக்கு போட்டபோது வெளியே போனது நம் ஜோடி. இந்தியத் தரப்பு புகார் கொடுத்தது, எடுபடவில்லை. எளிதான எதிராளி அமைய வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்றதற்காக நான்கு ஜோடிகள் வெளியேற்றப்பட்டது அதே ஒலிம்பிக்கின் அதே பிரிவில்தான்.

அடுத்த வருடம் இந்தியாவில் பேட்மின்டன் லீக் தொடங்கியது. ஜுவாலாவும் அஸ்வினியும் அதன் ஆறு நட்சத்திர ஆட்டக்காரர்களில் இருவர், அடிப்படை விலை 50,000 டாலர். பிறகு பெண்கள் டபுள்ஸையே லீக்கிலிருந்து எடுத்துவிட்டு, கூடுதலாக ஓர் ஆண்கள் சிங்கிள்ஸைச் சேர்த்தார்கள். ஏலத்தில் இவர்கள் இருவரின் அடிப்படை விலை மட்டும் 25,000 ஆக இறங்கியிருந்தது. தங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று இருவருமே வெளிப்படையாகப் பேசினார்கள். அதே லீக்கில் ஓர் ஆட்டம் தாமதமான விவகாரத்தில் வாழ்நாள் தடைவரை விதிக்கலாம் என்று இந்திய பேட்மின்டன் சங்கத்தின் ஒழுங்குக் குழு ஜுவாலாவுக்குப் பரிந்துரைத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் போய்த்தான் அவர் மறுபடி ஆட முடிந்தது. மறு வருடமே கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெள்ளி.

அவரைப் பற்றி 'சர்ச்சை நாயகி' என்று எழுதாத பத்திரிகை குறைவு. அவர் கேட்டதெல்லாம் என்ன? டபுள்ஸுக்கு உரிய பயிற்சியாளர், தேர்வில் நியாயம், தன் விலையைப் பற்றித் தனக்கே ஒரு தகவல். எங்கள் ஊரில் பஸ்ஸில் சில்லறை கேட்கிறவளையும் வாயாடி என்றுதான் சொல்கிறார்கள்.

உடை பற்றியும் ஒரு வார்த்தை. 2011இல் உலக பேட்மின்டன் சம்மேளனம் பெண்கள் பாவாடையோ கவுனோ அணிந்துதான் பெரிய போட்டிகளில் ஆட வேண்டும் என்று விதி போட்டது. ஆட்டத்தைப் பார்க்க ஈர்ப்பாக இருக்க வேண்டுமாம். எதிர்ப்பு வந்ததால் தள்ளிப்போட்டு, அடுத்த வருடம் கைவிட்டார்கள். நாங்கள் ஆடிய கல்லூரியிலோ முழங்காலுக்கு மேல் எதுவும் தெரியக் கூடாது. பாவாடை போடு என்பவருக்கும் பேன்ட் போடு என்பவருக்கும் ஆட்டத்தில் அக்கறை ஒரே அளவுதான்.

என் ஜோடிக்குக் கடைசி வருடத்தில் திருமணம் நிச்சயமானது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் வெளியூர்ப் பயணம் வேண்டாம் என்றார்கள். அவளுடைய அப்பா என்னிடம் மிகுந்த மரியாதையோடு, "நீ வேற ஆளைப் பார்த்துக்கோம்மா" என்றார். பார்த்தேன். மூன்று வாரத்தில் ஒரு கால் சத்தத்தைக் கற்க முடியாது. முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். ஒரு பெண்ணின் கல்யாணத்தில் இரண்டு பெண்களின் ஆட்டம் நின்றுபோனது. அந்தக் கணக்கை எந்த வீட்டிலும் போடுவதில்லை.

அஸ்வினி, ஜுவாலாவுக்குப் பிறகு சிக்கி ரெட்டியோடு ஆடி 2018 காமன்வெல்த்தில் வெண்கலம் வாங்கினார். பிறகு தன்னைவிடப் பதின்மூன்று வயதுக்கு மேல் இளையவரான தனிஷா கிராஸ்டோவோடு முதலிலிருந்து தொடங்கி, 34 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்வரை போனார். மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. இதுதான் என் கடைசி ஒலிம்பிக் என்று அழுதார். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர்வரை தன் சொந்தச் செலவில் போட்டிகளுக்குப் போனதாகப் பிறகு சொன்னார். அதே 2024 இறுதியில் லக்னோவில் நடந்த சையது மோடி போட்டியில் ட்ரீசா ஜாலியும் காயத்ரி கோபிசந்தும் பெண்கள் டபுள்ஸ் பட்டம் வென்றார்கள். அந்தப் போட்டியில் அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்திய ஜோடி.

என் பள்ளி மைதானத்தில் கோர்ட் என்பது சுண்ணாம்புக் கோடுதான். காற்று அடித்தால் நைலான் காக்கில்தான் ஆட முடியும். போன வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு நல்ல ஜோடி அமைந்தது. மாவட்ட அளவில் இரண்டாமிடம் வந்தார்கள். ஜூன் மாதம் அதில் ஒருத்தியின் குடும்பம் வேலைக்காகத் திருப்பூர் போய்விட்டது. மற்றவள் ஒரு வாரம் மைதானத்துக்கே வரவில்லை. வந்தபோது, "மிஸ், நான் சிங்கிள்ஸ் ஆடட்டுமா?" என்று கேட்டாள். ஆடு என்றேன், டபுள்ஸையும் விடாதே என்றேன். இப்போது இரண்டு பேராகப் பழக்குவதில்லை. ஐந்து பேரைச் சேர்த்து, வாரத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றி மாற்றிப் போடுகிறேன். யார் போனாலும் மீதிப் பேர் ஆட வேண்டும் அல்லவா?

ஐந்தாவது பெண் ஆறாம் வகுப்பு, இடக்கைக்காரி. அந்தக் கையால் சாப்பிடக் கூடாது, எழுதக் கூடாது என்று வீட்டில் மாற்றிவிட்டிருக்கிறார்கள். மட்டை மட்டும் தானாக இடக்கைக்குப் போகிறது. வியாழக்கிழமை அவள் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன்.