பருப்பு டப்பாவும் பாஸ் புத்தகமும்

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு எட்டு மணி. அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் டி.வி.யில் பிரதமர் பேசுவது காதில் விழுந்தது. அன்று நள்ளிரவோடு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதாம்! தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கண் மட்டும் மேல் அலமாரியிலிருந்த துவரம் பருப்பு டப்பாவுக்குப் போயிற்று.

"நமக்கென்ன, வீட்டில ரெண்டு நோட்டுதான் இருக்கு. மாத்திக்கலாம்" என்றார் என் கணவர். நான் வாயே திறக்கவில்லை.

அந்த டப்பாவின் அடியில் என் பதினோரு வருஷத்துச் சிறுவாடு இருந்தது. மாதம் 300 ரூபாய். காய்கறியில் கொஞ்சம், பழைய பேப்பர் போட்டதில் கொஞ்சம், ஆட்டோவில் போக வேண்டிய இடத்துக்கு நடந்து போனதில் கொஞ்சம். சில்லறை சேரச் சேர 500 ரூபாய் நோட்டாக மாற்றி வைப்பேன். எல்லோரும் தூங்கிய பிறகு எண்ணிப் பார்த்தேன். 79 ஐநூறு ரூபாய் நோட்டுகள், ஒரே ஒரு நூறு ரூபாய். மொத்தம் 39,600 ரூபாயில் மறுநாள் கடையில் செல்லக்கூடியது அந்த நூறு மட்டும்தான்!

அவர் கொடுக்காத மனிதர் இல்லை. ஆனால் கேட்டுத்தானே வாங்க வேண்டும்? என் அம்மாவுக்கு மருந்து, தங்கை வளைகாப்புக்கு ஒரு புடவை என்று ஒவ்வொன்றுக்கும் போய் நிற்கக் கூச்சம். இதைப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவ்வளவையும் மாற்ற வேண்டுமானால் பாங்கில் கணக்கு வேண்டும். எனக்கு ஏது கணக்கு? எல்லாம் அவர் பேரில். இத்தனைக்கும் நான் பி.காம். படித்தவள்!

இரண்டு நாள் கழித்து, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"இதுக்கா அக்கா கவலைப்படறீங்க? என் புஸ்தகத்துல போட்டுத் தரட்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பேரில், அவள் போட்டோ ஒட்டிய பாஸ் புத்தகம்! அதோடு, அவள் தெருவிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவுக்கு அவள்தான் ஊக்குநர். 1989ல் தர்மபுரியில் தொடங்கித் தமிழ்நாடு முழுக்கப் பரவிய குழுக்கள் இவை. பெண்களே சேமித்து, பெண்களே கடன் கொடுத்து, பெண்களே கணக்கு எழுதுகிறார்கள். "நான் கையெழுத்துப் போடலேன்னா குழுப் பணத்துல பத்து ரூபா நகராது அக்கா" என்று சிரித்தாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு.

என் பணத்தை அவள் கணக்கில் போடுவது சரியில்லை என்று மறுத்துவிட்டேன். ஆனால் அன்றிரவு அவரிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் அவளால்தான் வந்தது.

"பதினோரு வருஷமா எங்கிட்ட மறைச்சியா?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சே இல்லை. எனக்கு அழுகையாய் வந்தது. மூன்றாம் நாள் பேப்பரும் கையுமாக வந்தார். "இல்லத்தரசிகள் ரெண்டரை லட்சம் வரைக்கும் கட்டினா விசாரணை கிடையாதாம். கிளம்பு, என் கணக்கில கட்டிடலாம்."

"வேண்டாங்க, என் பேர்லயே ஒரு கணக்கு ஆரம்பிக்கறேன்" என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம், "சரி, போட்டோ எடுத்துக்கோ" என்றார்.

எங்கள் பெண் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். அதே 300 ரூபாயை மாதாமாதம் 8 சதவீத வட்டியில் போட்டிருந்தால் ஏறக்குறைய 63,000 ரூபாய் ஆகியிருக்குமாம். அதாவது 23,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம். போதாததற்கு, பதினோரு வருஷத்தில் விலைவாசி ஏறியதில் பழைய நோட்டின் மதிப்பும் தேய்ந்துபோயிருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சேமிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சேர்த்ததை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். 'அதெல்லாம் ஆம்பளைங்க விஷயம்' என்கிறோம். அப்படியா? 2000ஆம் வருஷம், பெரும் நஷ்டத்திலிருந்த இந்தியன் பாங்கின் பொறுப்பை ஏற்று லாபத்துக்குக் கொண்டுவந்தவர் ரஞ்சனா குமார் என்ற பெண்மணி. 2013ல் ஸ்டேட் பாங்கின் முதல் பெண் தலைவரானார் அருந்ததி பட்டாச்சார்யா. மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் 2019ல் நாட்டின் நிதியமைச்சரானார். என் வீட்டிலோ, பி.காம். படித்த நான் பருப்பு டப்பாவுக்கு நிதியமைச்சர்!

அந்தப் பணத்தில் பாதியை 15 வருஷத் திட்டமான பி.பி.எஃப்.பில் போட்டேன். மாதம் 500 ரூபாய் ரெக்கரிங் டெபாசிட் கட்டினேன். 2018ல், 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வாங்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 500 ரூபாய் கட்டத் தொடங்கினேன். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. "மிச்சத்தையாவது எடுத்துடு" என்றார் அவர். வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. ஆனால் அது உடனே வேண்டிய பணமில்லையே! பொறுத்திருந்தேன். அந்த நவம்பரிலேயே சந்தை பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு ஓய்வுக்காலப் பணம் வந்தபோது, "எங்கே போடலாம், நீ சொல்லு" என்று என்னிடம் கேட்டார்.

சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் உங்கள் பேரில் ஒரு கணக்கு. ஆறு மாதச் செலவுக்கான பணம், கேட்டவுடன் கிடைக்கும்படி பாங்கில் இருக்கட்டும். ஏழெட்டு வருஷத்துக்குத் தொடாத பணத்தை மட்டும் சந்தைப் பக்கம் அனுப்புங்கள். நகையை முதலீடு என்று நினைத்தால் செய்கூலி, சேதாரத்தையும் கணக்கில் சேருங்கள். சீட்டு கட்டினால் அது பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். கணவர் பேரிலுள்ள ஒவ்வொரு கணக்கிலும் பாலிசியிலும் நாமினி யார் என்று கேட்டு, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இது அவநம்பிக்கை இல்லை, குடும்பத்துக்குக் காவல்.

மேல் அலமாரியில் அந்த டப்பா இன்னும் இருக்கிறது. அதில் இப்போது துவரம் பருப்பு மட்டும்தான்.