பேசிய விலை

விடுதிகளில் இருவகை உண்டு. பயணியை ஊரிலிருந்து காப்பாற்றி வைக்கும் விடுதி ஒன்று. பயணியை ஊரின் கையில் ஒப்படைத்துவிடும் விடுதி மற்றொன்று. முன்னதற்குக் கட்டணம் மிகுதி. அங்கே குளிர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படும். தெருவோசை வெளியே நிறுத்தப்படும். ஊர்மக்களும் பெரும்பாலும் வெளியேதான் நிறுத்தப்படுவர். பின்னதற்கு அந்த வசதி இல்லை. வீட்டாருக்குக் குளிரும்போது விருந்தினருக்கும் குளிரும். அவர்கள் அடுப்பு புகைந்தால் இவர் கண்ணும் கலங்கும். மலிவான விடுதி என்று மக்கள் முகம் சுளிப்பது இதனால்தான். ஆனால் ஓர் ஊரை அறிய விரும்புவோர்க்கு அதனினும் நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை.

பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடரின் மடியில், உருபாம்பா ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் ஒல்லாந்தாய்தாம்போ என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும் 'தாம்போ' என்னும் சொல், இன்காக்களின் வழிநடைச் சத்திரத்தைக் குறிப்பது. மலைமேல் நெடுந்தொலைவு ஓடிய தம் பாதைகளின் ஓரத்தில் இடைவெளி விட்டு அவர்கள் தாம்போக்களைக் கட்டிவைத்தனர். அரசுப் பணியில் செல்வோர் அங்கே தங்கினர். அவர்களுக்கான உணவும் உடையும் அங்கே சேமிக்கப்பட்டன. தங்கிச் செல்வோரைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கும் அந்த ஊருக்கு, ஜூன் மாதத்து மாலையொன்றில் ஐம்பதைக் கடந்த பயணி ஒருவர் வந்து சேர்ந்தார்.

கூஸ்கோ நகரிலிருந்து பலரோடு நெருக்கியமர்ந்து வேனில் வந்தவர் அவர். கூஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்துக் காற்றுக்குப் பழகிய நெஞ்சு அங்கே மூச்சுக்குத் தவித்தது. இரண்டு நாளாகத் தலை பிளந்தது. ஒல்லாந்தாய்தாம்போ ஏறத்தாழ 600 மீட்டர் தாழ்வானது. 'கீழே பள்ளத்தாக்குக்குப் போய்த் தங்குங்கள், சரியாகிவிடும்' என்று கூஸ்கோவில் சொன்னார்கள். ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை மச்சு பிச்சுவுக்குப் புகைவண்டி ஏறுவது அவருடைய திட்டம்.

சந்தைச் சதுக்கத்திற்குப் பின்புறம், இருவர் கைகோத்து நடந்தால் அடைபட்டுப்போகும் குறுந்தெருவில், பலகை தொங்கிய வீடொன்றின் வாசலில் நின்றார். வீட்டம்மாள் ஐம்பது சோல் என்றார். பயணி நான்கு விரல்களைக் காட்டினார். அம்மாள் அவரைச் சற்றே பார்த்தார், தலையசைத்தார். பத்துச் சோலைக் குறைத்துவிட்ட மகிழ்ச்சி, தலைவலிக்கு நடுவிலும் பயணியின் முகத்தில் தெரிந்தது. பேரத்தில் வென்றவனுக்கு உண்டாகும் அந்தச் செருக்கு மிகச் சிறியது. ஆனால் அது இனிக்கத்தான் செய்கிறது.

அறை எளிமையானது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஆட்டு மணம் வீசும் கனத்த கம்பளிகள் மூன்று. குளியலறையில் நீர்த்தூவியின் தலையிலேயே மின்சூடேற்றி பொருத்தியிருந்தது. குழாயை நன்றாகத் திறந்தால் நீர் பெருகிக் கொட்டும், ஆனால் சில்லென்றிருக்கும். நூலளவாகக் குறைத்தால் சுடும். இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை. சுவரோ வேறு கதை சொல்லிற்று. இடுப்பளவுக்கு மேல்வரை கல். அதன் மேலே வெயிலில் உலர்த்திய மண்கல். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கத்தி முனையும் நுழையாது. அந்தக் கற்சுவரில் அடி அகன்றும் முடி குறுகியும் ஒரு மாடம் இருந்தது. மூக்குக்கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி, வேறிடம் இல்லாமையால், பயணி அதில் வைத்தார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வெளியே விடாமல் மழை பெய்துகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. வயிறு புரட்டியபோது எழுந்து முற்றத்துக்கு வந்தார். வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. விண்மீன்கள் கைக்கெட்டும் தொலைவில் நின்றன. மழையில்லை. மழையென்று அவர் எண்ணியது தெருவோரக் கல்வாய்க்காலில் ஓடிய நீர். இன்காக்கள் வெட்டிய வாய்க்கால், இன்றும் ஓடுகிறது. அடுக்களையில் விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் வீட்டம்மாள் ஒரு கோப்பையோடு வந்தார். மலைச்சரிவில் விளையும் முன்யா என்னும் மூலிகையின் கொதிநீர், புதினாவின் மணம். கையில் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும் வரையில் தூணருகே நின்றார். எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் புகைவண்டி அவரை விட்டுவிட்டுப் போயிற்று. எழுந்து நிற்கவே காலில் வலுவில்லை. ஓரிரவு மூன்று இரவுகளாயின.

அந்த ஊருக்கு வருவோரில் பலர் அதைப் பார்ப்பதற்காக வருவதில்லை. மச்சு பிச்சுவின் அடிவாரத்துக்கு இங்கிருந்து நேரான மோட்டார்ச் சாலை கிடையாது. ஆற்றோடு ஒட்டிச் செல்லும் தண்டவாளமே வழி. ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். ஆகவே, பிற்பகலில் வந்து இறங்குவர், கோட்டையின் படிகளில் ஏறிப் படம் எடுப்பர், வண்டியேறிப் போவர். அவர்களுக்கு இவ்வூர் ஒரு நீண்ட நடைமேடை. நம் பயணியும் அவ்வாறே எண்ணி வந்தவர்தாம். கால் நடக்க மறுத்ததனால் கண் திறந்தது எனலாம்.

இரண்டாம் நாள், முற்றத்து வெயிலில் போர்வையோடு அமர்ந்தபோது அந்த வீட்டின் அமைப்பு அவருக்குப் புலப்பட்டது. நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள், தெருவுக்கு ஒரே வாயில். காஞ்சா என்று கெச்சுவா மொழியில் இதற்குப் பெயர். 15ஆம் நூற்றாண்டில் பச்சகூத்தி என்னும் இன்கா மன்னன் இப்பகுதியை வென்று ஊரை அமைத்தபோது வகுத்த அமைப்பு இதுவே. இன்காக்கள் கட்டிய நகரங்கள் பல இன்று காட்சிப்பொருள்கள். நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டியவை. இங்கே அவர்கள் போட்ட தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றனர். அவர்கள் எழுப்பிய சுவரோடு சாய்த்து விறகு அடுக்குகின்றனர். தம் மூக்குக்கண்ணாடி கிடந்த மாடத்தைப் பயணி எண்ணிப் பார்த்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதில் எவர் எதை வைத்தாரோ! அந்த நீண்ட வரிசையின் கடைசியில் தாமும் ஒருவர் என்பது அவருக்கு விளங்கியது. பத்துச் சோலுக்கு நான்கு விரல் காட்டிய நினைவு அப்போது சற்றே உறுத்திற்று.

ஊருக்கு மேற்கே கோட்டை. 1537ஆம் ஆண்டில் மாங்கோ இன்கா என்னும் மன்னன், எர்னாண்டோ பிசாரோ தலைமையில் வந்த ஸ்பானியக் குதிரைப்படையை இங்கே தோற்கடித்தான். ஆற்றுநீரைச் சமவெளியில் திருப்பிவிட்டான். குதிரைகள் சேற்றில் சிக்கித் தடுமாறின. வந்தவர்கள் பின்வாங்கினர். ஆனால் வெற்றி நிலைக்கவில்லை. மன்னன் வில்கபம்பாக் காடுகளுக்குள் ஒதுங்க நேர்ந்தது. கோட்டையின் உச்சியில் ஆறு பெருங்கற்கள் சுவராக நிற்கின்றன. அவை ஆற்றுக்கு அப்பால், எதிர்மலையின் கற்சுரங்கத்தில் வெட்டப்பட்டவை. மலையிறக்கி, ஆறு கடத்தி, மீண்டும் மலையேற்றப்பட்டவை. கோயில் முடிவடையவில்லை. பாதிவழி வந்த கற்கள் பாதையோரத்தில் இன்னும் கிடக்கின்றன. களைத்த கற்கள் என்று அவற்றை ஊரார் அழைக்கின்றனர். கைவிடப்பட்ட கற்கள் என்று சொல்லவில்லை. தோற்ற கற்கள் என்றும் சொல்லவில்லை. களைத்தவை, இளைப்பாறுகின்றன. படியேற முடியாமல் பாதியில் அமர்ந்துவிட்ட பயணிக்கு அந்தப் பெயர் ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் முற்றத்தில் மக்காச்சோளம் குவிந்திருந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் சோளம் வெண்ணிறமானது. ஒவ்வொரு மணியும் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது. வீட்டம்மாள், அவருடைய முதிய தாயார், பள்ளியிலிருந்து வந்த சிறுமி ஆகிய மூவரும் வட்டமாக அமர்ந்து மணிகளை உதிர்த்துக்கொண்டிருந்தனர். பயணியும் சென்று அமர்ந்தார். ஒருவரும் தடுக்கவில்லை, வியக்கவுமில்லை. கிழவி ஒரு கதிரை எடுத்து, கட்டைவிரலை எங்கே ஊன்ற வேண்டும் என்று காட்டினார். அரைமணி நேரத்தில் விரல் சிவந்து எரிந்தது. கிழவி சிரித்தார், பற்கள் இரண்டொன்றே இருந்தன.

கிழவிக்குக் கெச்சுவா மட்டுமே இயல்பாக வரும். மகளுக்கு இரு மொழியும் வரும். சிறுமி பாட்டி பேசுவதைக் கேட்டு ஸ்பானியத்தில் விடையளித்தாள். 1975இல் பெரு அரசு கெச்சுவாவை ஆட்சிமொழியாக ஏற்றது. 2017இன் கணக்கெடுப்பில், அதுவே தம் தாய்மொழி என்றோர் 37 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். எண்ணிக்கை பெரிதுதான். ஆயினும் ஒரு மொழியின் ஆயுள் ஆணையில் மட்டும் இல்லை. அது முற்றத்தில், கேள்வி ஒரு மொழியிலும் விடை வேறு மொழியிலுமாக, நாள்தோறும் கூடியும் குறைந்தும் வருகிறது.

உடைந்த ஸ்பானியத்தில் பயணி ஒரு கேள்வி கேட்டார்: பயணிகள் வராத காலத்தில் இந்த வீடு எப்படிப் பிழைத்தது?

அந்தக் காலங்கள் அண்மையவை. 2010 ஜனவரியில் பெருமழை தண்டவாளத்தை அரித்துச் சென்றது. மச்சு பிச்சுவின் அடிவாரத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கானோர் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். அவ்விடம் ஏப்ரல் வரையில் மூடிக் கிடந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது, எல்லைகள் அடைக்கப்பட்டன. நகரங்களில் வேலையிழந்த மக்கள் மூட்டையோடு மலைக் கிராமங்களுக்கு நடந்தே திரும்பினர். 2023 ஜனவரியில் அரசியல் கிளர்ச்சி, வண்டிகள் நின்றன, மச்சு பிச்சு மீண்டும் மூடப்பட்டுப் பிப்ரவரியில் திறந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் வெறிச்சோடியவை இத்தகைய சிறு விடுதிகளின் கட்டில்களே.

வீட்டம்மாள் விடையாகச் சோளக் குவியலைச் சுட்டினார். பிறகு முகவாயை உயர்த்தி எதிரிலுள்ள பிங்குய்யுனா மலையைக் காட்டினார். செங்குத்தான அதன் சரிவில் இன்காக்களின் களஞ்சியங்கள் தொங்குவனபோல் நிற்கின்றன. உயரத்துக் குளிர்காற்று படும்படி கட்டினால் தானியம் கெடாது என்பது அவர்கள் கண்ட அறிவு. "பயணிகள் வருவார்கள், போவார்கள், வயல் எங்கும் போகாது" என்பது அம்மாள் சொன்னதன் பொருள். கட்டிலுக்கு வரும் காசு சிறுமியின் படிப்புக்கும் கூரைக்கும், வயிற்றுக்கு வயல். வாடகையை மட்டும் நம்பிய வீடுகள் தள்ளாடின. வயலை விற்காத வீடு நின்றது.

அன்றிரவு அவருக்கு அடுக்களையிலேயே உணவு. மூலையில் கினிப்பன்றிகள் கீச்சிட்டுக்கொண்டு ஓடின. வேகவைத்த உருளைக்கிழங்கு மஞ்சளாகவும் ஊதாவாகவும் தட்டில் இருந்தது. பக்கத்தில் அரைத்த மிளகாய். தமிழர் அடுக்களையில் நாள்தோறும் கிடக்கும் இவ்விரண்டும் இந்தக் கண்டத்துப் பொருள்கள். கடல்வழி கண்ட ஐரோப்பியர் கொண்டு வந்து சேர்த்தவை. நாம் விருந்தினர்க்குப் படைக்கும் இலையில் பெயரறியாத இந்த மலைமக்களின் உழைப்பும் இருக்கிறது. கடன் எந்தப் பக்கம் என்று கணக்கிட்டால் பேரம் பேசும் நாக்கு தானே அடங்கிவிடும்.

நான்காம் நாள் விடியுமுன் பயணி புறப்பட்டார். உடல் தேறியிருந்தது. மூன்று இரவுக்கு நூற்றைம்பது சோலை எண்ணி அம்மாளின் கையில் வைத்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் தருமம் செய்பவரின் கனிவு இருந்தது. அம்மாள் நோட்டுகளை எண்ணினார். முப்பதைப் பிரித்து நீட்டினார்.

"பேசியது நாற்பது."

பயணி மறுத்தார், அம்மாள் கையை மடக்கவில்லை. அதில் கோபம் இல்லை, பணிவும் இல்லை. சொன்ன சொல்லுக்கு மேல் வாங்குவது குறைத்து வாங்குவதைப் போன்றதே என்னும் உறுதி மட்டும் இருந்தது. முதல்நாள் தம் ஏழ்மையைச் சொல்லி விலையை உயர்த்தாதவர், கடைசிநாளில் அதற்கு ஈடு பெறவும் இசையவில்லை. பயணி பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பேரத்தில் வென்றபோது இனித்த அதே முப்பது சோல் இப்போது கையில் கனத்தது.

அப்போது கிழவி உள்ளிருந்து வந்து, ஒரு துணிப்பையை அவர் தோளில் மாட்டினார். வறுத்த சோளமும் அவித்த கிழங்கும், இன்னும் சூடாயிருந்தன. இதற்கு என்ன விலை என்று பயணி கேட்கத் தொடங்கினார். கிழவி அவருடைய சிவந்த கட்டைவிரலைத் தொட்டுக் காட்டி ஒரே சொல் சொன்னார்: "அய்னி." இன்று நான் உன் வயலில், நாளை நீ என் வயலில் என்று மலைமக்கள் உழைப்பை மாற்றிக்கொள்ளும் பழைய முறையின் பெயர் அது. அறைக்கான கணக்கு வேறு. முற்றத்தில் அமர்ந்ததற்கான கணக்கு வேறு. முதற்கணக்கில் மிகுதி வாங்க மறுத்தவர்கள், இரண்டாம் கணக்கில் பாக்கி வைக்கவும் மறுத்தனர்.

வண்டி ஆற்றோரமாக நகர்ந்தது. எதிரே அமர்ந்தவர்கள் மச்சு பிச்சுவைப் பற்றிய வழிகாட்டி நூலைப் புரட்டிக்கொண்டிருந்தனர். பயணி ஒரு கிழங்கைத் தோலுரித்து உண்டார். மலிவான விடுதி என்பது குறைவாகக் கொடுக்கும் இடமன்று; கொடுப்பதையும் கொள்வதையும் மறைக்காத இடம். அங்கே தங்கியவர் எவ்வளவு தந்தார் என்பது பணப்பையில் தெரிவதில்லை. கட்டைவிரலில் தெரியும்; அதுவும் சில நாள் வரையில்.