கோழி எரு அள்ள துண்டு போதுமா?

மரவள்ளிக்கு அடியுரமாகக் கோழி எரு ஏற்ற நாமக்கல் பண்ணைகளுக்குப் போகும் விவசாயிகள், தோள் துண்டையே மூக்கில் கட்டிக்கொள்வதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். ‘‘துண்டு பத்தாதுங்களா?’’ என்று கேட்பார்கள். பெருந்தூசுக்கு ஓரளவு உதவும், வைரஸுக்குப் பத்தாது. 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் கோழிகளைத் தாக்கிய பறவைக்காய்ச்சல் வைரஸ், நோயுற்ற கோழியின் எச்சத்திலும் இருக்கும். தூசோடு மூச்சிலும் ஏறலாம். நான் சொல்வது என்-95 முகக்கவசம். சரியாகப் பொருந்தினால் நுண்துகள்களில் 95 சதவிகிதத்தை வடிகட்டும். மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாமல் அணியுங்கள். தாடி இருந்தால் கசியும். முன்பக்கத்தைத் தொடாமல், பட்டையைப் பிடித்துக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். துவைக்கக் கூடாது, நனைந்தால் மாற்றிவிடுங்கள். பூச்சிமருந்து தெளிக்க இது ஆகாது. கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்த பண்ணையில், எந்தக் கவசம் இருந்தாலும் எரு அள்ளாதீர்கள். கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.