அக்காவுக்கு ஒரு அஞ்சறைப்பெட்டி

கல்யாணத்துக்கு என்ன பரிசு கொடுப்பது? இந்தக் கேள்வி வந்ததுமே நாம் கடைவீதிக்குக் கிளம்பிவிடுவோம். சுவர்க் கடிகாரம், குத்துவிளக்கு, டின்னர் செட்... அதுவும் இல்லையென்றால் ஒரு கவரில் 501 ரூபாய். வேலை முடிந்தது!

கையாலேயே ஒன்றைச் செய்து கொடுக்கலாம் என்று இறங்கிய ஒருவனின் கதை இது. புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். பையன் கல்லூரியில் படிக்கிறான். 2024 சித்திரையில் அக்காவுக்கு நிச்சயமானது. தை மாதம் கல்யாணம். புகுந்த வீட்டுக்கு அக்கா எடுத்துப்போக மரத்தில் ஒரு அஞ்சறைப்பெட்டி செய்வது என்று முடிவெடுத்தான். கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, உளுத்தம்பருப்பு என்று ஐந்து அறை. மேலே இழுத்து மூடும் மூடி. அவ்வளவுதானே, என்ன கஷ்டம்?

புதுக்கோட்டை மரக்கடையில் விலை குறைவாக இருந்த மாம்பலகையை வாங்கினான். தெருக்கோடியில் இருந்த ஆசாரியின் பட்டறையில் உளியும் இழைப்புளியும் இரவல் கேட்டு, பத்து நாளில் பெட்டியை முடித்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்துத் திறக்கப் போனால் மூடி வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. மூலைகளில் விரிசல். உள்ளே கையை விட்டால் மாவாக ஒட்டியது. பூச்சி!

ஆசாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது நேத்து அறுத்த மரம். ஈரம் போகாத மரத்துல என்ன செஞ்சாலும் இப்படித்தான்" என்றார்.

இங்கே கொஞ்சம் பாடம். வன்மரம், மென்மரம் என்று புத்தகத்தில் படிக்கிறோம். அகன்ற இலை மரங்கள் வன்மரம், ஊசியிலை மரங்கள் மென்மரம். இது தாவரவியல் கணக்கு. பெயரை மட்டும் நம்பினால் மோசம் போவோம். விமான பொம்மை செய்கிற பால்சாவும் வன்மரம்தான், நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும்! நம் ஊரில் தேக்கு, பலா, மா, வேம்பு, புளி எல்லாமே வன்மரங்கள். ஆகவே எந்த வேலைக்கு எந்த மரம் என்பதுதான் கேள்வி.

வேம்பில் பூச்சி அதிகம் வராது, ஆனால் மசாலாவில் கசப்பு ஏறும். புளியமரம் கறிக்கடை வெட்டுக்கட்டைக்குச் சரி, இழைக்க உட்கார்ந்தால் கை ஓய்ந்துவிடும். மரப்பாச்சிக்குப் பெயர்போன செம்மரம் ஆந்திர மலைகளில் அழிந்துவரும் மரம், நினைத்தபடி வெட்டவும் விற்கவும் முடியாது. தேக்கு நல்லது, மாணவனின் பர்ஸ் தாங்காது. பலா? தஞ்சாவூர் வீணையே பலா மரத்தில்தான் செய்கிறார்கள். வைரம் பாய்ந்த பலாவைப் பூச்சி லேசில் தொடாது. இழைத்தால் மஞ்சளாக மின்னும், நாளாக நாளாகப் பழுப்பேறும்.

எந்த மரமானாலும் காய வேண்டும். பச்சை மரத்தில், காய்ந்த கட்டையின் எடையில் பாதிக்கும் மேலே தண்ணீர் இருக்கும். சாமான் செய்ய அது சுமார் 12 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். நிழலில் காயவைத்தால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர்களின் கணக்கு. காயும்போது மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். அதிலும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லை. பலகை நெளிவது அதனால்தான்.

"காஞ்ச பலாவுக்கு நான் எங்கே போவேன்?" என்றான் பையன்.

"உங்க வீட்டுப் பரணிலேயே இருக்கே" என்றார் ஆசாரி.

இருந்தது. ஆனால் அதை யாரும் தொடுவதில்லை. அக்கா பிறந்த வருஷம் அப்பா கொல்லையில் வைத்த பலா அது. அவள் கல்யாணத்துக்கு வெட்டி விற்கலாம் என்று விட்டிருந்தார். 2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்து பார்த்தால் தென்னையும் பலாவும் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஊர் முழுக்க மரம் விழுந்தால் யார் விலை கொடுப்பார்கள்? வியாபாரிகள் விறகு விலைக்குக் கேட்டார்கள். மற்ற மரங்களை அப்பா கொடுத்துவிட்டார். இதை மட்டும் கொடுக்கவில்லை. மர அறுவை மில்லில் பலகையாக அறுத்து, முனைகளில் பழைய பெயிண்டைப் பூசி, இடையிடையே குச்சி வைத்து மாட்டுக் கொட்டகைப் பரணில் அடுக்கினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

பையன் இரண்டு நாள் தயங்கித்தான் கேட்டான். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஏணி பரணில் சாய்த்து வைத்திருந்தது.

ஆறு வருஷத்தில் ஓரத்து வெள்ளைப் பாகமெல்லாம் உளுத்திருந்தது. சில பலகைகள் வெடித்திருந்தன. வைரப் பாகம் முழுசாக, நேராக நின்றது ஒரே ஒரு பலகை. தப்பாக அறுத்தால் வேறு கிடையாது!

முதலில் வளைந்த மாம்பெட்டியைப் பிரித்துப் பழகிப் பார்த்தான். பிறகுதான் பலாவில் ரம்பத்தை வைத்தான். மூடிக்குக் காடி வெட்டும்போது ஆசாரி தடுத்தார். "இறுக்கமா வெட்டாதே. ஐப்பசி மழையில உங்க வீட்டுக் கதவு என்ன பண்ணுது?" காய்ந்த மரமும் மழைக்காலத்தில் ஈரம் இழுத்து உப்பும். மூடிக்கு இரண்டு பக்கமும் நகக்கனம் இடம் விட்டான். உள்ளே வார்னிஷ் அடிக்கவில்லை, அதன் வாசனை சீரகத்தில் ஏறும். வெளியே மட்டும் உப்புத்தாள் போட்டு, தேன்மெழுகு தேய்த்தான்.

தை பிறந்தது. சீர்வரிசையில் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே அந்தப் பெட்டி இருந்தது. ஒரு மூலை லேசாகக் கோணல். அக்கா மூடியை இழுத்துப் பார்த்தாள், முகர்ந்தாள். "கொல்லை மரமா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா பந்தலில் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போனார்.

கையால் செய்கிற பரிசு என்றால் செய்த நாட்களைத்தான் கணக்குப் பார்க்கிறோம். பையன் செய்தது 20 நாள். மரம் வளர்ந்தது 19 வருஷம், காய்ந்தது 6 வருஷம். விலை உயர்ந்த மரம்தான் சரியான மரம் என்றில்லை. வேலைக்குப் பொருந்தி, தன் ஈரத்தை விட்டு முடித்த மரம்தான் சரியான மரம். நண்பர்களே, யாருக்காவது மரத்தில் ஏதாவது செய்யும் எண்ணம் இருந்தால், பலகையை இப்போதே வாங்கி நிழலில் அடுக்கி வையுங்கள். பரிசு அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. அக்காவிடமிருந்து போன் வந்தது.

"இங்கே சமையலறைக் கதவு இறுகிக்கிச்சுடா, தம்பி. உன் மூடி இறுகலை."