நீலகிரியில் ஒரு வந்தேறி மரம்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் மலைப் புகைவண்டிப் பாதை 46 கிலோமீற்றர் நீளமுடையது. பற்சக்கரத்தின் துணைகொண்டு வண்டி மெல்ல மெல்ல ஏறுகின்றது. அடிவாரத்துக் கமுகந் தோட்டங்கள் மறைந்து, குன்னூரும் கழிந்தபின், காற்றில் ஒரு மணம் கலந்து வருகின்றது. தடிமன் பிடித்த நாளில் பாட்டியார் நெஞ்சில் தடவிய தைலத்தின் மணமே அது. வானளாவி நிற்கும் மரங்களே அதன் பிறப்பிடம். அவ்வூர் மக்கள் இதனைக் கற்பூர மரம் என்பர். நம் மலைநாட்டிலே இதன் இனத்தவற்றைக் கருப்பந்தைல மரம் என்பர். நூலோர் வழங்கும் பெயர் யூக்கலிப்டஸ் குளோபுலஸ்.

நாம் அழைத்துச் சென்ற மாணவருள் ஒருவன், “ஐயா, இம்மரத்தின் இலை நீலமாயிருப்பதனாலேதான் மலைக்கு நீலகிரி என்று பெயர் வந்ததோ?” என வினவினான். நல்ல வினாவே. ஆயினும் மலையின் பெயர் பன்னூறு ஆண்டு பழையது. மரமோ 1843இல் கப்டன் கொட்டன் என்னும் ஆங்கிலேயரால் அங்கு கொணரப்பட்டது. தென்கிழக்கு அவுஸ்திரேலியாவும் தஸ்மேனியாத் தீவுமே இதன் தாயகம். அத்தீவில் 1792இல் இதனைக் கண்டு சேகரித்துப் பெயரிட்டவர் லபில்லார்டியேர் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார். யூக்கலிப்டஸ் என்பதற்குக் கிரேக்க மொழியில் ‘நன்கு மூடப்பட்டது’ என்பது பொருள். அரும்பின்மேல் ஒரு மூடி தொப்பிபோற் கவிந்திருக்கும். மலருங்கால் அது கழன்று விழ, வெண்ணிறக் கேசரங்கள் விரியும். தேனீக்களுக்கு அது விருந்தாகும்.

இம்மரம் இளமையில் ஒரு தோற்றமும் வளர்ந்தபின் வேறொரு தோற்றமும் உடையது. இளங்கன்றின் இலை அகன்று, காம்பின்றி, வெண்ணீலப் பொடி பூசியதுபோல் எதிரெதிரே அமைந்திருக்கும். வளர்ந்த மரத்தின் இலையோ கரும்பச்சையாய், அரிவாள்போல் வளைந்து, காம்பிலே தொங்கும். அவ்வாறு தொங்குவதால் நண்பகல் வெயிலின் தாக்குதல் அதற்குக் குறைவு. அடியில் நிற்பவருக்கு நிழலும் குறைவு. பட்டை நீண்ட நாடாக்களாய் உரிந்து வீழும்.

குளிர்மிகுந்த உதகைக்கு விறகு இன்றியமையாதது. அதற்காகச் சோலைக்காடுகள் வெட்டுண்டன. சோலை மரங்கள் மெல்ல வளர்வன. இதுவோ விரைந்து வளர்வது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மீண்டும் தளிர்ப்பதால், ஒருமுறை நட்டுப் பன்முறை அறுவடை செய்யலாம். எனவே தோட்டந் தோட்டமாக நட்டனர். விறகோடு மரக்கூழும் கம்பங்களும் இதனாற் கிடைத்தன.

தைலம் காய்ச்சும் கொட்டகை ஒன்றை நாம் கண்டோம். பெரிய கொப்பரையில் இலையை அடைத்து நீராவியிற் புழுக்குகின்றனர். ஆவி குழாய் வழியே சென்று குளிர்நீரிற் குளிர்ந்து, நீரும் தைலமுமாகச் சொட்டுகின்றது. தைலம் மேலே மிதக்கின்றது. சினியோல் என்னும் பொருளே அதன் மணத்துக்கும் குணத்துக்கும் காரணம். ஆவி பிடிக்கவும், வலித்த இடத்திற் பூசவும் அது உதவும். ஆனால் உட்கொண்டால் நஞ்சாகும்; சிறு அளவும் குழந்தைகளுக்குக் கேடு. போத்தலை அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

விதை மிகவும் நுண்ணியது. அதனை மணலோடு கலந்து நாற்றுமேடையில் தூவி, முளைத்தவற்றை வேர் கலையாமற் பெயர்த்து வளர்த்து, மழை தொடங்கியதும் இரண்டு அல்லது இரண்டரை மீற்றர் இடைவெளியில் நடுவர். குளிர்ந்த மலையே இதற்கேற்ற இடம். யாழ்ப்பாணத்து வெயிலில் இது செழிக்காது. தமிழகத்துச் சமவெளிகளிற் காணப்படுபவை இதன் இனத்து வேறு மரங்களாகும்.

இத்துணைப் பயனுடைய மரத்திற்கும் ஒரு விலையுண்டு. நீலகிரியின் புல்வெளிகள் மழைநீரை வாங்கிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுவன. அப்புல்வெளியிலேதான் தோடர் தம் எருமைகளை மேய்த்தனர். அப்புல்லிலேதான் கோயிலும் குடிலும் வேய்ந்தனர். அது வெறுநிலம் எனக் கருதப்பட்டு மரத்தோட்டமாயிற்று. கிளென்மோர்கன் என்னுமிடத்தில் அறிஞர் நெடுங்காலம் அளந்து பார்த்தபோது, இம்மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் ஓடைநீர் முதற் சுற்றிலேயே நூற்றுக்கு 16 பங்கு குறைந்தமை தெரிந்தது. மறுதளிர்ப்பின் காலத்திலோ குறைவு மேலும் மிகுந்தது. இன்று அயல் மரங்களை நீக்கிப் புல்லையும் சோலையையும் மீட்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன.

மரத்தின்மேற் பழி சொல்லுதல் பொருந்தாது. விறகுத் தோட்டமாக ஓரிடத்தில் நிற்கும்போது அது சோலையைக் கோடரியினின்று காக்கும். ஊற்றுக்கண்ணிலும் புல்வெளியிலும் நிற்கும்போது ஊரின் தண்ணீரைக் குறைக்கும். நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் இவ்வினத்து மரங்கள் ஓங்கி நிற்கின்றன. நம் ஆறுகள் பிறப்பதும் அம்மலைநாட்டிலேயே. ஒரு கன்றை நடுமுன் அது என்ன தரும் என்று கேட்பதோடு, எவ்வளவு நீர் பருகும் என்றும் கேட்க நம் பிள்ளைகள் பழகுவாராக.