அப்பா கோயில், அம்மா கோயில், நடுவில் பிள்ளை கோயில்: மழலையோடு காஞ்சிபுரம்

விமான டிக்கெட்டில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு வயது முடியாத குழந்தைக்குத் தனி சீட் வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்களில் பெரியவர் கட்டணத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும், அம்மா மடியிலேயே கண்டம் விட்டுக் கண்டம் வந்துவிடலாம். இரண்டாவது பிறந்தநாள் கேக் வெட்டிவிட்டால் தனி சீட், தனிக் காசு. டல்லாஸ், டொரன்டோ, லண்டன், சிட்னி என்று இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், குழந்தைக்கு இரண்டு முடிவதற்குள் ஒருமுறை ஊருக்கு வந்துவிடப் பார்ப்பது இதனால்தான்.

வந்த இரண்டு, மூன்று வாரங்களில் ஒருநாள் காஞ்சிபுரத்துக்கு என்று ஒதுக்கப்படும். சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம், பட்டு எடுக்க வேண்டும். அல்லது காமாட்சிக்கு வேண்டிக்கொண்டது பாக்கி இருக்கும். தாத்தா, பாட்டி, மகள், மருமகன், நடுவில் குழந்தை என்று ஒரே காரில் ஐந்து பேர். வீடியோ காலில் மட்டுமே பாட்டியைப் பார்த்துப் பழகிய குழந்தை, நேரில் பார்த்ததும் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். பாட்டி சிரித்துக்கொண்டே, "பரவால்ல, பழகிடும்" என்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் வருத்தம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட நாளைப் பல குடும்பங்கள் ஜவுளிக்கடையின் ஏ.சி.யில் நாலு மணி நேரம் உட்கார்ந்தே தீர்த்துவிடுகின்றன. பெரியவர்கள் புடவை பார்க்க, குழந்தை கையில் செல்போன். காஞ்சிக்குப் போனதற்குச் சாட்சி, கடைப் பை ஒன்றுதான்! சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் பயணம் செய்து இதைச் செய்ய வேண்டியதில்லை.

முதல் யோசனை, ஜெட்லாகைத் திட்டுவதை விட்டுவிட்டு அதைப் பயன்படுத்திக்கொள்வது. அமெரிக்காவிலிருந்து வந்த குழந்தைக்கு முதல் வாரம் விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கே பொழுது விடிந்துவிடும். வீட்டையே எழுப்பி, பொம்மைகளைப் பரப்பி உட்காரும். அப்போதே பால் கொடுத்துக் கிளப்பினால், போக்குவரத்து இல்லாத சாலையில் கோயில் நடை திறக்கும் நேரத்துக்குக் காஞ்சியில் இருக்கலாம். பெரிய கோயில்கள் எல்லாமே மதியம் 12, 12.30 வாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணி அளவில்தான் திறக்கும். அதைவிட முக்கியம், கல் தரை. காலை எட்டு மணிக்கு ஜில்லென்று இருக்கும் பிராகாரம், பதினொரு மணிக்கு அடுப்பு. இங்கே வளர்ந்த நமக்கே கால் சுடும்போது, கார்பெட்டில் நடை பழகிய பிஞ்சுப் பாதத்தைக் கேட்கவா வேண்டும்? பையில் ஒரு ஜோடி தடித்த சாக்ஸ் இருக்கட்டும். ஸ்ட்ரோலரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கோயில் நிலைப்படிகள் அதற்காகச் செய்தவை அல்ல. கார் சீட்டை மட்டும் மறக்காதீர்கள், வாடகைக் காரில் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

மழலையோடு போகிறவர்கள் முதலில் போகவேண்டியது கைலாசநாதர் கோயில். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் முன்னால் பச்சைப் புல்வெளி. மற்ற கோயில்களின் நெரிசல் இங்கே கிடையாது. குழந்தையைக் கீழே விட்டால் அது பாட்டுக்கு ஓடும். தூணுக்குத் தூண் காலைத் தூக்கி நிற்கும் சிங்கங்களை அதுவே கண்டுபிடித்துவிடும். திருச்சுற்றைச் சுற்றிலும் வரிசையாக 58 சிற்றாலயங்கள். ஒவ்வொன்றும் குழந்தை எட்டிப் பார்க்கத் தோதான அளவு.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய பாதை உண்டு. உள்ளே நுழையப் பெரியவர்கள் குனிந்து, தவழ்ந்துதான் போக வேண்டும், வெளியே வருவதும் அப்படியே. மறுபிறவி எடுத்ததுபோல என்று சொல்வார்கள். ஆனால், இரண்டு வயதுக் குழந்தை அந்த வாசலில் ஏறக்குறைய நிமிர்ந்தே நடந்துவிடும்! பெரியவர்கள் தவழ, குழந்தை நடக்கிற அபூர்வக் காட்சி. பாதை திறந்திருக்கிறதா என்று மட்டும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டுவலி உள்ள தாத்தா வெளியிலேயே நிற்கலாம்.

இந்தக் கோயிலில் அவசியம் பார்க்க வேண்டிய சிற்பம் சோமாஸ்கந்தர். ஒரு பக்கம் சிவன், இன்னொரு பக்கம் உமை, இடையில் குட்டிக் கந்தன். ராஜசிம்மன் காலத்துக் கோயில்களின் கருவறைப் பின்சுவரில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும். பேரரசன் ஒருவன் தன் கோயில்களுக்குத் தேர்ந்தெடுத்த உருவம், கைக்குழந்தையோடு அம்மா, அப்பா உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பப் படம் என்பது எவ்வளவு அழகு!

ஊரே அந்தப் படத்தின் அமைப்பில் இருப்பதாகக் காஞ்சிக்காரர்கள் சொல்வார்கள். ஏகாம்பரநாதர் கோயில் ஒரு பக்கம், காமாட்சியம்மன் கோயில் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவே குமரகோட்டம் முருகன். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் இயற்றியது இந்தக் குமரகோட்டத்தில்தான் என்பார்கள். காஞ்சியின் சிவன் கோயில்களில் அம்பாளுக்குத் தனிச் சந்நிதி இல்லை, எல்லாருக்கும் சேர்த்து ஒரே காமாட்சி. குழந்தைக்கு இதைச் சொல்ல ஸ்தல புராணம் எதுவும் வேண்டாம். "இது அப்பா வீடு, அது அம்மா வீடு, இது பாப்பா வீடு" என்றால் போதும். மழலைக்குத் தமிழில் முதலில் தெரிந்த மூன்று சொற்களும் அவைதான். இதைப் பாட்டி சொல்லட்டும். குழந்தை பாட்டி முகத்தைப் பார்க்க ஒரு சாக்கு.

ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை 1509-ல் கட்டியவர் கிருஷ்ணதேவராயர். 190 அடிக்கு மேல் உயரம். அண்ணாந்து பார்த்தே குழந்தை பின்னால் சாயும், பிடித்துக்கொள்ளுங்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில், நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கல் சங்கிலியும், தொட்டு வணங்கும் பல்லிகளும் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். குழந்தையோடு போனால் இரண்டு கோயில், அதற்கு மேல் ஒன்று கூடினால் அது போனஸ்.

தறி வீட்டில் தவழும் பிள்ளை

இனி பட்டு. கடைக்குப் போவதற்கு முன் நெசவாளர் தெரு ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில், மழையில்லாத விடியற்காலையில், தெரு நீளத்துக்குப் பாவு விரித்து நூலைச் சீர் செய்வதைப் பார்க்கலாம். கலர் கலரான நூல் ஆறு ஒன்று தெருவில் ஓடுவதுபோல இருக்கும். குழந்தை கையை நீட்டும், இழுத்துப் பிடியுங்கள். ஒரு இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுச் சேர்க்கிற வேலை அவர்களுக்கு.

தறி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். தரையில் குழி, குழிக்குள் மிதி, மேலே ஜக்கார்டு அட்டை. சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் அந்தத் தறியைச் சுற்றித்தான். விட்டத்தில் தூளி, கீழே தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய குழந்தை, தறி நின்றால்தான் விழித்துக்கொள்ளும் என்று நெசவு வீட்டு அம்மாக்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நடக்கத் தொடங்கிய பிள்ளை தறிக்குழியில் விழாமல் பார்ப்பதுதான் அந்த வீடுகளின் அன்றாடக் கவலை. மாடிப்படியில் கதவு மாட்டும் நியூஜெர்சி அம்மாவுக்கு இது விளக்காமலேயே புரியும்.

காஞ்சிப் பட்டின் சிறப்பு 'கோர்வை'. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்க, இரண்டையும் தறியிலேயே இழைக்கு இழை பூட்டி நெய்வார்கள். அதற்கு மூன்று நாடா வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து கை கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பல காலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்ததுதான் இந்தப் பட்டின் இருண்ட பக்கம். முன்பணம் வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் அடுத்தவர் தறியில் உட்கார்ந்தார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் இருந்த குழந்தைக் கொத்தடிமை முறை பற்றி 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டு, 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற விலக்கு இருக்கிறது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். படித்தவர்கள் தறிக்குத் திரும்பவில்லை. பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள். மாதச் சம்பளம், வந்து கூட்டிப்போகிற பஸ். புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அப்பாவுக்கு, மகன் அங்கே போவதில் நிம்மதி. தறி காலியாகிறதே என்ற வருத்தமும் உண்டு. 'நெசவு அழியக் கூடாது' என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். சொல்கிறவர் எவரும் தன் பிள்ளையைத் தறிக்குழியில் உட்காரவைக்கத் தயாராக இல்லை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'காஞ்சிவரம்' படத்தின் கதையே, பிறந்த மகளுக்கு அவள் கல்யாணத்தில் பட்டுக் கட்டிவிடுவதாக ஒரு நெசவாளி கொடுக்கும் வாக்குதான். தாத்தா பாட்டியோடு ஊருக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிட்டால், கடையில் பேரம் பேசும் குரல் கொஞ்சம் தணியும்.

அந்தத் தொழிற்சாலைகளால் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-ல் கால் ஊன்றியது. பிறகு கொரிய, ஜப்பானிய நிறுவனங்கள் பல வந்தன, கைக்குழந்தைகளோடு குடும்பங்களும் வந்தன. நம் பிள்ளைகள் அங்கே படும் அதே பாடு அவர்களுக்கு இங்கே. குழந்தைக்குப் பழகிய சாப்பாடு எங்கே கிடைக்கும், டாக்டரிடம் எந்த மொழியில் சொல்வது, பாட்டிக்கு எத்தனை மணிக்கு வீடியோ கால் போடுவது? கொரியர்கள் குழந்தையின் முதல் பிறந்தநாளில் அதன் முன்னால் சில பொருள்களைப் பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். அதில் நூலும் ஒன்று. நூலை எடுத்தால் நீண்ட ஆயுள் என்பது நம்பிக்கை. பட்டு நூல் ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அந்தச் சடங்கைச் செய்யும் குடும்பங்களுக்கு நூலுக்கா பஞ்சம்!

குட்டிக்குப் பாவாடை வாங்குகிறவர்களுக்கு

கல்யாணப் புடவை விஷயம் பெரியவர்களுக்குத் தெரியும். புவிசார் குறியீடு 2005-லேயே கிடைத்துவிட்டது, சில்க் மார்க் பார்த்து வாங்குவார்கள், கூட்டுறவு சங்கக் கடையிலும் ஒரு விலை கேட்பார்கள். குழந்தைக்கான பட்டுப் பாவாடையில்தான் ஏமாறுவது. விலை குறைவாகச் சொல்லப்படும் பல பாவாடைகள் பட்டே இல்லை, பார்க்க அப்படியே இருக்கும் செயற்கை இழை. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் இரண்டு இழை உருவி எரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் பொடியும். செயற்கை இழை உருகிக் கட்டியாகும்.

உள்ளே காட்டன் லைனிங் கட்டாயம். ஜரிகையின் பின்பக்கம் உரசினால் அரைமணி நேரத்தில் குழந்தை பாவாடையை அவிழ்த்துப் போட்டுவிடும். சின்ன அளவில் தைக்காமல் நீளமாகத் தைத்து இரண்டு, மூன்று டக் பிடிக்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு டக் பிரித்தால், அடுத்த லீவுக்கு வரும்போதும் அதே பாவாடை. வெளிநாட்டில் டக் பிரிக்க டெய்லரைத் தேட வேண்டாம், கத்திரிக்கோல் போதும்.

சாப்பாட்டு விஷயம். வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் கோயில் இட்லி, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைப்பது. மிளகு, சீரகம், சுக்கு தூக்கலாக இருக்கும். பெரியவர்களுக்கு அமிர்தம், குழந்தைக்கு ஒரு விள்ளல் நாக்கில் வைத்தாலே கண்ணில் தண்ணீர் வரும். வீட்டிலிருந்து தயிர் சாதமும் காய்ச்சி ஆறிய தண்ணீரும் எடுத்துப் போவது நல்லது.

நேரமிருந்தால் வைகுண்டப் பெருமாள் கோயிலின் உட்சுற்றுச் சுவர்களை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பல்லவர் வரலாறு சிற்பமாக அங்கே இருக்கிறது. வாரிசு இல்லாமல் அரசன் இறந்துவிட, காஞ்சிப் பெரியவர்கள் நெடுந்தூரம் பயணம் செய்து, பல்லவக் கிளை மரபில் வந்த இரணியவர்மனிடம் ஒரு பிள்ளையைக் கேட்கிறார்கள். மூத்த மூவரும் மறுக்க, பன்னிரண்டு வயதுக் கடைசிப் பிள்ளை "நான் போகிறேன்" என்று கிளம்புகிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன், இந்தக் கோயிலைக் கட்டியவன். அவன் வந்த ஊர் கடல் கடந்த தென்கிழக்கு ஆசியா என்று சிலரும், இல்லை என்று சிலரும் இன்னும் வாதாடுகிறார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, அந்தப் பையனை அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை என்று கல்வெட்டு சொல்கிறது. தாத்தாக்கள் அந்தச் சிற்பத்தின் முன் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பார்கள்.

திரும்பும்போது மாலை ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்கள் ஸ்ரீபெரும்புதூர் சாலையை நிறைப்பதற்கு முன் கிளம்பிவிடுங்கள். காரில் ஏறியதும் குழந்தை தூங்கிவிடும்.